பின் சக்கரம்

ஸ்ரீவத்சன் கண்ணை மூடிக்கொண்டு பின் சக்கரத்தைச் சுழற்றினான். மெல்லிய டிக் டிக் சத்தம் எழுந்து அடங்கியது. அவன் முகம் சுருங்கியது.

"சத்தம் பத்தல சார்."

கிளிஃபர்ட் சிரித்துவிட்டார். சாந்தோமில் ஒரு பள்ளியில் அவர் உடற்பயிற்சி ஆசிரியர். முழங்கால் ஜவ்வு கிழிந்த பிறகு, தன் ரேஸ் சைக்கிளின் கார்பன் சக்கரங்கள் இரண்டையும் விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். வந்தவர்கள் கீறல் தேடினார்கள், எடை கேட்டார்கள், பழசு என்று விலையைக் குறைத்துக் கேட்டார்கள். சத்தம் பத்தாது என்றவன் இவன் ஒருவன்தான்.

விஷயம் தெரிந்த ஆள் என்று அவருக்குப் பட்டது. மனைவி ஜொவிட்டாவின் திட்டுக்குப் பயந்து, சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்புக்குள் கிரீஸை அப்பிச் சத்தத்தை அடக்கி வைத்ததை ஒப்புக்கொண்டார்.

"பின்ன? விடியக்காலைல சில்வண்டு கத்துற மாதிரி உருட்டிக்கினு போனா மனுஷி தூங்க வேணாமா?" என்றாள் ஜொவிட்டா, டீயை நீட்டியபடி.

"எங்க வீட்லயும் அப்படித்தான். அவ சைக்கிளை ஹால்ல உருட்டுறப்பவே எனக்கு முழிப்பு வந்துடும்" என்றான் ஸ்ரீவத்சன்.

ஓட்டுவது மனைவிதானாம். பெயர் மதுவந்தி. இருட்டோடு ஆதம்பாக்கத்தில் கிளம்பினால் மாமல்லபுரம் போய், அவன் குளித்து முடிப்பதற்குள் வந்து நிற்பாளாம். கேட்கக் கேட்க கிளிஃபர்டுக்கு உற்சாகம் வந்தது.

ஹப்பைக் கழற்றினார். கிரீஸை வழித்தெடுத்து, மெல்லிய எண்ணெய் விட்டு மறுபடி பூட்டினார். இந்த முறை சுழற்றியதும் கர்ரென்று அறையே நிறைந்தது. ஸ்ரீவத்சன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சத்தம் நின்றதும், இன்னொரு தடவை சுழற்றச் சொன்னான். அதற்குப் பிறகும் ஒரு தடவை.

முன் சக்கரத்தை அவன் தொடவே இல்லை. சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

அங்கேதான் கிளிஃபர்டுக்கு உறுத்தியது. சைக்கிள் சாமான் வாங்க வருகிறவன் பேரம் பேசாமல் போனதில்லை. இவன் சைக்கிளையும் கொண்டுவரவில்லை, ஆட்டோவை வாசலில் நிற்க வைத்திருந்தான். போன மாதம் ஒருவன் தங்கைக்கு என்று சொல்லி ஹேண்டில்பாரை வாங்கிப் போய், அடுத்த நாளே கூடுதல் விலைக்கு விற்றிருந்தான். சக்கரமாவது ஓட்டுகிறவர் கைக்குத்தான் போகவேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

என்ன சைக்கிள், டிஸ்க் பிரேக்கா என்று விசாரித்தார். சரியாகத் தெரியாது என்றான். சைக்கிளைக் கொண்டுவந்தால் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றான்.

கிளிஃபர்ட் சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க பிரதர். புரோக்கருக்கு நான் குடுக்கறதில்ல."

ஸ்ரீவத்சனின் விரல்கள் கம்பியை விடவில்லை. "நிறைய இடத்துல கேட்டுட்டேன் சார். இந்தச் சத்தம் எதுலயும் இல்ல. ப்ளீஸ்."

"அப்போ வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. ஓட்டுறவங்களே பேசட்டும். இப்பவே எடுத்துக்கினு போங்க."

ஸ்ரீவத்சன் போனை எடுத்தான். திரை ஒளிர்ந்தது. அவன் எந்த எண்ணையும் தொடவில்லை. திரை தானாக அணைந்தது. கிளிஃபர்ட் அவன் கையை விலக்கி, சக்கரத்தை உறைக்குள் போடத் தொடங்கினார்.

ஜொவிட்டாதான் அருகில் வந்தாள். சண்டையா, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளா என்று தணிந்த குரலில் கேட்டாள். சக்கரத்தை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யப் பார்க்கிறானோ என்று அவளுக்கு ஒரு யோசனை.

அவன் உறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் ஓட்டப் போறதில்ல அக்கா. ஆக்ஸிடென்ட்ல அவ சைக்கிளும் நொறுங்கிடுச்சு. அவ இறந்ததுலேர்ந்து எனக்குக் காலைல முழிப்பே வர்றதில்ல."