பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்துக் கிணறு

கிணற்றுச் சுவருக்குப் பின்னால் குந்திக்கொண்டு அரிக்கேன் விளக்கை உள்ளே இறக்கினோம்.

கயிறு உருளையில் மெல்ல ஓடியது. விட்டவன் நான். பக்கத்தில் செம்மல் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். கிணறு தூர் வாருவதுதான் அவர் பிழைப்பு. அக்கா காதைப் பொத்தியிருந்தாள்.

தட்டாஞ்சாவடியில் அக்கா வீட்டை ஒட்டி ஒரு பெட்ரோல் பங்க். பூமிக்குள் அதன் டேங்க் கசிந்தது யாருக்கும் தெரியவில்லை. போன வருஷம் கிணற்றுத் தண்ணீர் பெயின்ட் தின்னர் மாதிரி நாறியது. பெட்ரோலில் கலக்கும் ஏதோ ரசாயனம் தண்ணீரில் கரைந்து வந்துவிட்டதாம். பங்க்காரர் ஆள் வைத்து, மண்ணில் குழாய் இறக்கி, அதைத் தின்னும் பாக்டீரியாவை விட்டார். கிணற்றைத் தகரம் போட்டு மூடினார்கள்.

இப்போது நாற்றம் இல்லை. டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் என்றார்கள். மாமா கேட்கவில்லை, தகரத்தை எடுத்துவிட்டார்.

உள்ளே பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்தால் ஒரு பொறி போதும். வீடு போகும்.

கயிறு முடிந்தது. காத்திருந்தோம்.

ஒன்றும் வெடிக்கவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்னா செம்மலு, உன் பூச்சிங்க சாப்ட்டு முடிச்சிடுச்சா? ஏப்பம் வுடுதான்னு பாத்துட்டு எறங்கு."

அக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

மாமா இன்னொரு கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை என்னிடம் தந்துவிட்டு, படிக்கல்லில் கால் வைத்து இறங்கினார். உச்சி வெயிலில் கண் கூசியது. உள்ளே எதுவும் தெரியவில்லை.

"வெளக்கத் தூக்குடா மச்சான், கால்ல இடிக்குது."

தூக்கினேன். அணைந்திருந்தது. அவர் கால் பட்டு அணைந்திருக்கும் என்று நினைத்தேன்.

கண்ணாடியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

எப்போதோ அணைந்திருக்கிறது. எண்ணெய் அப்படியே இருந்தது.

எந்தக் கிணற்றில் இறங்கினாலும் மாமா முதலில் விளக்கை இறக்குவார். அணைந்தால் உள்ளே காற்று இல்லை, இறங்கமாட்டார். இன்றைக்கு அவர் உட்பட எல்லோரும் வெடிக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தோம்.

அந்தப் பூச்சிகள் ரசாயனத்தைத் தின்றிருக்கின்றன. மூடிய கிணற்றில் இருந்த காற்றையும் சேர்த்து.

மாமாவைக் கூப்பிட்டேன்.

கையிலிருந்த மாமாவின் கயிறு சட்டென்று கனத்தது.

பின்னால் அக்கா செல்வாம்பாளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.