ஊதிப் பார்த்த விறகு

"சார், நீங்க விறகு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

தாம்பரத்தில் விறகுக் கடை வைத்திருக்கும் தாவீது பொறுமை இழந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

ஷ்யாம்சுந்தர் காதில் வாங்கவில்லை. ஐம்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை. இரண்டு சவுக்குக் கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார்.

"டொக்குன்னு கேக்குது. ஈரம். டங்குன்னு கேக்கணும்."

"கட்ட சார் அது! கோயில் மணியா?"

அடுத்து, பையிலிருந்து சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். ஒரு கட்டையின் முனையில் தடவினார். மறுமுனையில் வாயை வைத்து, கன்னம் உப்ப ஊதினார்.

லோடு ஆட்டோ சுகுமார் செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

சோப்பில் குமிழி கிளம்பியது.

"பாத்தீங்களா? நல்லா காய்ஞ்ச கட்டையிலதான் காத்து போகும். இது ஓகே."

"நாப்பது கட்டையும் ஊதப் போறியா சார்?"

"ஆமாம். நாளைக்குக் காலைல பொட்டுப் புகை வரக்கூடாது."

புகை என்றதும் தாவீது அவரை உற்றுப் பார்த்தார்.

"சிட்லபாக்கத்துல பேபி அக்கா இட்லிக் கடை மேல பெட்டிஷன் போட்ட சார் நீதானே?"

ஊதுவது நின்றது. "ஆமாம்."

"நாளைக்குக் காத்தால ஆபீசருங்க வராங்களாம். புகை வந்தா கடைய தூக்கிடுவாங்களாம். அந்தக்கா நல்ல விறகுக்கு வழியில்லாம ஈரக் கட்டைய வெச்சு எரிச்சுகினு கீது. அது எரிச்சா புகை, நீ எரிச்சா ஓமமா?"

ஷ்யாம்சுந்தர் அடுத்த கட்டையை எடுத்து ஊதினார்.

நாற்பதாவது கட்டையில் தலை சுற்றியது. தாகத்தில் சோப்புத் தண்ணீரையே குடிக்கப் போனார். சுகுமார் பாய்ந்து பிடுங்கினான்.

"எங்க சார் இறக்கணும்? உங்க வூட்டுலயா?"

"பெட்டிஷனை வாபஸ் வாங்கப் போனேன்" என்றார் ஷ்யாம்சுந்தர், யார் முகத்தையும் பார்க்காமல். "போட்டது போட்டதுதான்னுட்டாங்க."

நாற்பதாவது கட்டையையும் எடுத்து ஆட்டோவில் வைத்தார்.

"பேபி கடையில இறக்கிடுப்பா. அந்த வீடியோவை மட்டும் அழிச்சிடு. நான் குடுத்ததுன்னாலே அந்தம்மா தொடமாட்டாங்க. இதுல என் எச்சில் வேற."