டோக்கன் திரையின் கோணம்

டோக்கன் திரையில் படம் பக்கவாட்டில் தெரிகிறது என்று அந்த அரசு அலுவலகம் புகார் கொடுத்து ஏழு மாதம் கழித்துத்தான் அதைச் சரிசெய்ய எட்வினை அனுப்பினார்கள். அவன் உள்ளே நுழைந்தபோது, பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேரும் தலையை வலது தோளில் சாய்த்து, சுவர்த்திரையில் டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் ஒட்டியிருந்த சீட்டுக்கட்டளவு கணினியில் கீபோர்டைச் செருகி, படம் திரும்பும் கோணத்தை மாற்றி, மறுபடி இயக்கினான். எண்கள் நேராக நின்றன. ஒரு கழுத்துகூட நிமிரவில்லை.

“யோவ், நல்லா இருந்ததைக் கோணலாக்கிட்டியே!” முன்வரிசைக்காரர் செருப்பைக் கழற்றினார். “என் நம்பர் போயிருச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்.”

“நேராத்தான் சார் இருக்கு. தலையைத் தூக்கிப் பாருங்க.”

“என் தலையைப் பத்திப் பேச நீ யாருடா?”

வேலை முடிந்த சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய பாக்கியவதி மேடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். அவர் தலையும் தோளில்தான் கிடந்தது. “பழையபடி வச்சுட்டுப் போங்க. இல்லேன்னா கையெழுத்து கிடையாது.”

கையெழுத்தில்லாத சீட்டோடு திரும்பினால் எட்வினுக்கு நாளை வேலை இல்லை. “புகார் எழுதினதே நீங்கதானே மேடம்?” என்றான்.

“எழுதினேன். அப்பக் கழுத்து வலிச்சுது.”

பழைய கோணத்தையே போட்டான். எண்கள் படுத்ததும் கூடம் அடங்கியது. கையெழுத்தான சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தவன், சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. அவன் சட்டைக் காலர் வலது காதில் உரசியது.