தவளைக்கு என்ன விலை

ஓடைக்கரை கால்பந்து அணியிலிருந்து ஓர் ஆட்டக்காரரை விலைக்கு வாங்க, மலையடி அணியின் கீரி வந்திருந்தது.

"மயிலைப் பாருங்க. பந்து காலோட ஒட்டிக்கிட்டே வரும். நூறு மூட்டை கம்புக்கு ஒரு மூட்டை குறைஞ்சாலும் தர மாட்டேன்" என்றது மேலாளர் எருமை.

அதைக் கேட்ட மயில் தோகையை விரித்துக்கொண்டது.

"கோல் காக்கிற தவளை எப்படி?" என்றது கீரி.

"அதுவா? பார்வை மட்டு. நாலு தாவு தாவினா மூச்சு வாங்கும். சும்மா கொடுத்தாலும் வேண்டாம்னுதான் சொல்வீங்க."

ஆறு வருஷமாக கோல் காத்த தவளையின் காதில் இது விழுந்தது. அது போய்த் தன் பையைக் கட்டத் தொடங்கியது.

கீரி மீசையைத் தடவிக்கொண்டது. "நானும் ஆள் விக்கிறவன்தான் அண்ணே. மயில் இருக்கட்டும். சும்மா கிடைக்கிறதையே கூட்டிட்டுப் போறேன்."

ஆடிக்கொண்டிருந்த எருமையின் வால் நின்றுவிட்டது. "முந்நூறு மூட்டை" என்றது.

"இப்பத்தானே சும்மான்னீங்க?"

"அது நீங்க கேக்கறதுக்கு முன்னாடி."

"சரி, முந்நூறு தர்றேன்."

"அறுநூறு."

கீரி சிரித்துக்கொண்டே எழுந்து போனது. தவளை கட்டிய பையை அவிழ்த்தது. மயில் மட்டும் விரித்த தோகையை மெல்ல மடக்கிக்கொண்டது.