மழை பெய்யாத சாவு

கதையின் மூன்றாவது பத்தியிலேயே மனைவியைச் சாகடித்துவிட்டான் வளவன்.

கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு அவன் சொல்லச் சொல்ல, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அம்சவல்லி செல்போனில் டைப் செய்துகொண்டிருந்தாள். பத்திரிகைகள் கையெழுத்துப் பிரதி வாங்குவதை நிறுத்தியதிலிருந்து அந்த வீட்டில் இதுதான் வழக்கம். சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு அவன் கதை சொல்வான். அவள் அடிப்பாள். அடிக்கும்போதே குறையும் சொல்வாள்.

அதிலும் அவன் கதைகளில் வரும் சாவுகள் அவளுக்கு ஆகவே ஆகாது.

அவன் கதையில் யார் செத்தாலும் மழை பெய்யும். இல்லாவிட்டால் ஒரு காகம் வந்து வேலியில் உட்காரும். பறிகொடுத்தவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து, எல்லாம் புரிந்தவர்போல் ஒரு பெருமூச்சு விடுவார். அதோடு கதை முடிந்துவிடும்.

வடலூரில் ஒரு இலக்கியக் கூட்டத்தில், 'மரணத்தை எவ்வளவு பக்குவமாக ஏற்றுக்கொள்கிறார்கள் இவருடைய மனிதர்கள்' என்று ஒருவர் மைக்கில் புகழ்ந்தபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்சவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சாவு வூட்ல எவன் வானத்தப் பாத்துகினு நிக்கிறான்? வந்தவங்களுக்குக் காப்பித்தூளு பத்துமான்னுதான் பாப்பாங்க" என்றாள், வீட்டுக்கு வந்ததும்.

அவள் அம்மா இறந்த அன்று யாரோ அவளுடைய புதுச்செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதுவரை கல்லாக இருந்தவள், வாசலில் செருப்பைத் தேடித் தேடி அந்தச் செருப்புக்காகத்தான் முதலில் அழுதாள். அம்மாவுக்கான அழுகை அதன் பின்னாலேயே வந்தது. இதையெல்லாம் எழுதமாட்டீர்களா என்று கேட்டால், அது கதைக்கு ஒட்டாது என்பான் வளவன்.

இன்றைய கதையில் மழை இல்லை. காகமும் வரவில்லை.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு, கதையில் வரும் கணவன் கேஸ் சிலிண்டர் மாட்டத் தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதான். நன்றாக, சத்தம் போட்டே அழுதான். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தானே மாட்டினான். அடுப்பு பற்றிக்கொண்டது.

"இது நல்லாருக்குங்க" என்றாள் அம்சவல்லி. அவள் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம்.

வளவன் லேசாகச் சிரித்துவிட்டு மேலே சொன்னான். கணவன் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். ஆள் நடமாட்டம் இல்லாத டவுன்ஷிப் பிளாக் சாலையில், காலை வேளைகளில், விழுந்து எழுந்து கற்றுக்கொள்கிறான்.

"அம்பது வயசு ஆம்பளைக்கு வண்டி ஓட்டத் தெரியாதா? படிக்கிறவங்க நம்புவாங்களா?"

"தெரியாதவங்க இருப்பாங்க. நீ அடி."

சென்னையிலிருந்து மகள் வந்து, கையோடு கூட்டிக்கொண்டு போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள். கணவன் போகிறான். பேரப்பிள்ளையோடு கொஞ்ச நாள் இருக்கிறான். ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. தன் கையால் ஆக்கித் தின்கிற சோற்றுக்குத் திரும்பி வந்துவிடுகிறான்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் வளவனுக்கு மூச்சு வாங்கியது. அவள் எழுந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் தலையைத் திரும்பவும் சாய்த்துக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தின் இலைகளில் கரித்தூள் படிந்திருந்தது.

"எழுது. கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவன் பயப்படவில்லை. வடக்குத்து கிராமத்தில் தண்ணீர் நன்றாக வருகிற ஒரு சின்ன வீடாகப் பார்த்து…"

அம்சவல்லியின் விரல் நின்றது.

"இது தப்பாச்சேங்க. பொண்டாட்டி செத்ததுக்கு எதுக்குங்க குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்றாங்க? அவருதான் சுரங்கத்துல பெர்மனென்ட்டாச்சே. வேலையில இருக்கறவரு செத்தாத்தான…"

போனிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.



புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஊசி மருந்தெல்லாம் வேண்டாம், அவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உடம்பு தேறிவிட்டால் அடுத்த மாதமே டூட்டிக்குப் போய்விடலாம் என்று வளவனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் தினமும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

தெரிந்தேதான் ஆட்டியிருக்கிறான்.

"தப்பில்ல அம்சா" என்றான் வளவன். "அப்படியே இருக்கட்டும்."

கண்ணைத் திறக்காமலே அடுத்த வரியைச் சொன்னான். அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக, அவள் அடிக்க நேரம் விட்டுச் சொன்னான்.

"புது வீட்டுக்குக் குடிபோன அன்று, யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல், எப்போதும்போல் நெற்றியில் பொட்டு வைத்து, தலை நிறையப் பூவும் வைத்துக்கொண்டான்."

அம்சவல்லிக்குத் திரையில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. முந்தானையால் போனைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

'வைத்துக்கொண்டா' வரை அடித்தாள். அவன் சொன்ன கடைசி எழுத்தை விட்டுவிட்டு, 'ள்' போட்டாள்.

"ம்… அப்புறம்?" என்றாள்.