நவமணி கட்டிய காவடி

மலேசியாவின் பாடாங் செராயில் தைப்பூசக் காலை. பிள்ளையார் கோயில் வாசலில் நவமணி கட்டிய காவடியைக் காளிதாசன் தோளில் ஏற்றுகிறான். அவள் கட்டிய முதல் காவடி. எல்லாரும் வெளியூரில் சொல்லிச் செய்து வாங்கும்போது, "நம்ம ஊரு அக்கா கட்டுனதத்தான் தூக்குவேன்" என்று பிடிவாதமாக நின்றவன் அவன். வெயிலில் மயிலிறகுகள் மின்னுகின்றன, உறுமி முழங்குகிறது. அவன் ஒரு சுற்றுச் சுற்றியதும் பிரம்பு வளைவு கிறீச்சிடுகிறது. அத்தனை இரைச்சலிலும் அது நவமணிக்குக் கேட்கிறது. முறிந்தால் அவன் கழுத்தில்தான் விழும். "பெலான் பெலான், மெதுவா போ லா, தம்பி," என்கிறாள். "நல்லாதான் நிக்குதுக்கா, பயப்படாதீங்க," என்றபடி அவன் சாலையில் இறங்குகிறான். முருகன் கோயில் இன்னும் தொலைவில் இருக்கிறது. வெயிலில் காயும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு அவள் பின்னாலேயே போகிறாள். வளைவு சரிந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறாள். மறுபடி கிறீச்சிடுகிறது. தான் இறுக்கிய கம்பி முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள், எது தளர்கிறதென்று தெரியவில்லை. பக்கத்தில் பால்குடத்தோடு வரும் பெண், தூக்கிய அந்தக் கைகளைப் பார்த்து, "உங்களுக்கும் வேண்டுதலாக்கா?" என்று கேட்கிறாள். காவடியிலிருந்து கண்ணை எடுக்காமல் நவமணி, "ஆமாம்மா" என்கிறாள்.