வரைபடத்தில் இல்லாத கிளை

பெருங்களத்தூரில் அகலமாக்கிய சாலையின் விளிம்பில் வெயில் சாய்கிறது. வால்வைச் சட்டென மூடினால் குடிநீர்க் குழாய்க்குள் அழுத்த அலை ஒன்று ஓடும். ஓட்டையோ அடைப்போ இருந்தால் மோதித் திரும்பும். இன்று அலை திரும்பிய இடத்தைத்தான், கசிவு தேடி வந்த குழாய்த் தொழிலாளி டேனியல் தோண்டியிருக்கிறான். குழிக்குள், வரைபடத்தில் இல்லாத ஒரு கிளைக்குழாய். அதன் வாயில் மரக்கட்டை. கட்டையைச் சுற்றி நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி. பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் ஜான்சி, கரண்டியோடு வந்து எட்டிப் பார்க்கிறாள். "எங்க வூட்டு லைன்மா இது," என்கிறாள் இன்ஜினியர் ஷீலாவிடம். "ரோட்டுக்காக வூட்ட இடிச்ச அன்னிக்கு, தண்ணி வீணாப்பூடும்னு எங்க வூட்டுக்காரருதான் லுங்கியக் கிழிச்சிக் கட்டையில சுத்தி அடிச்சாரு. அப்புறம் ஒரு வருசங்கூட இல்ல அவரு." வீடு இருந்த இடத்தின் மேல் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. ஷீலா கட்டையைச் சுற்றித் தடவிப் பார்க்கிறாள். விரலில் ஈரமில்லை. "லீக் இல்லக்கா. இன்னும் கெட்டியாதான் இருக்கு. வேற மூடி போட்டுட்டு, துணிய உங்களுக்கு எடுத்துத் தரவா?" ஜான்சியின் கை குழிவரை நீண்டு, நின்றுவிடுகிறது. "வேணாம்மா. அவரு வச்சது வச்ச எடத்துலயே இருக்கட்டும்." டேனியல் மண்வெட்டியை எடுக்கிறான். அதற்குள் ஜான்சி குனிந்து ஒரு பிடி மண் அள்ளுகிறாள். குழிக்குள் முதலில் விழுவது அந்த மண்தான்.